உள்மடிப்பில் மறைத்த கார்

நான் கார் ஓட்டும்போது என் கணவர் ரஞ்சித்குமார் கண்ணை மூட மாட்டார். இடது பக்க சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, அங்கே இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வருவார். அவருக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு முறை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார், இரண்டு முறையும் ஆபீசில் வேலை அதிகம் என்று நின்றுவிட்டார். வீட்டில் லைசென்ஸ் இருப்பது எனக்கு மட்டும்தான். என் ஓட்டுதலைப் பற்றி அவர் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. எல்லாவற்றையும் காலால் சொல்லிவிடுவார்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கால் நியாயமாகவே அழுத்தியது. ஆரணியிலிருந்து சேத்துப்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே ஒரு அரசு அலுவலகத்தில் அவர் உதவியாளர். எங்கள் மகள் துர்கா பின்சீட்டில் இருந்தாள். கிளம்பி நாற்பது நிமிடம் இருக்கும், ஒரு வளைவில் திரும்பும்போது கார் செத்துப்போனது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் களம்பூர் நெல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அது ஹாரனை அலறவிட்டபடி, இடது சக்கரம் மண்ணில் இறங்க, எங்களை உரசாமல் தாண்டிப் போனது. டிரைவர் எட்டிப் பார்த்து, ஓட்டுவது பெண் என்று தெரிந்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

துர்கா அழவில்லை. "மறுபடியுமாம்மா?" என்றுதான் கேட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அது ஏழாவது முறை. வழக்கம்போல் கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அன்று மாலை அவர் சாவியை வாங்கி பீரோ லாக்கருக்குள் வைத்துப் பூட்டினார்.

"இதுக்கு ஒரு முடிவு தெரியட்டும் சசி. அதுவரிக்கும் பஸ்ல போலாம்" என்றார்.

லாக்கரில் சாவிக்குக் கீழே என்ன காகிதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

இந்தக் கார் வாங்கியதிலிருந்து ஐந்து முறை வேலூரில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறோம். அங்கே சுதாகர் என்று ஒரு சூப்பர்வைசர். நல்ல பையன், மரியாதையானவன். ஏசி அறையில் உட்காரவைத்து டீ கொடுப்பான். கம்ப்யூட்டரைக் காரில் மாட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கோளாறும் காட்டவில்லையே மேடம் என்பான். பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பான். கார் தேர் போல் போகும். ஒருமுறை ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், ஒருமுறை ஏதோ சாப்ட்வேர் ஏற்றினார்கள். கடைசி முறை ஜாப் கார்டில் இப்படி எழுதினார்கள்: 'வாகனத்தில் கோளாறு இல்லை. கிளட்சை முறையாகப் பயன்படுத்துமாறு ஓட்டுநருக்கு அறிவுரை கூறப்பட்டது.'

என் கணவர் காகிதத்தோடு வாழ்கிறவர். எழுத்தில் இருந்து, கீழே கையெழுத்தும் சீலும் இருந்தால், அது அவருக்கு உண்மை. பதினான்கு வருடமாகக் கூட இருக்கும் பெண்டாட்டி நான் கிளட்சை ஒழுங்காகத்தான் மிதிக்கிறேன் என்று சொன்ன வார்த்தையும், சீல் வைத்த அந்தக் காகிதமும் அவர் முன்னால் இருந்தன. அவர் வாயால் எதுவும் சொல்லவில்லை. காகிதத்தை மட்டும் பத்திரப்படுத்தினார். இரண்டு வருட வாரண்டி முடிய இருபத்தாறு நாள் இருந்தது. அதற்குள் இது வண்டியின் குறை என்று அவர்கள் வாயால் வரவில்லை என்றால், ஆயுசுக்கும் இது என் காலின் குறையாகவே நின்றுவிடும். சாவியும் லாக்கரிலேயே இருந்துவிடும்.

அதனால் நான் பஸ்ஸில் போனேன். பட்டுச் சேலைக்கு டிசைன் வரைந்து, தறிக்கு அட்டை அடித்துக் கொடுப்பது என் வேலை. கட்டம் போட்ட தாளில் பூவோ மாங்காயோ வரைந்து, எந்தக் கட்டத்தில் நிறம் விழுகிறதோ அதற்கேற்ப அட்டையில் ஓட்டை குத்த வேண்டும். நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டுவார்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டதுதான், இருந்தாலும் தேவிகாபுரம் பக்கம் என் அட்டைக்கு இன்னும் ஆள் இருக்கிறது. முன்பு டிக்கியில் போட்டுக்கொண்டு போன அட்டைக் கட்டுகளை இப்போது மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஒரு புதன்கிழமை அட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக முருகேசனைப் பார்த்தேன். முருகேசன் களம்பூரில் நெல் தரகு பார்க்கிறவன், எனக்குத் தூரத்துச் சொந்தம். சாலையோரம் அவன் கார் நின்றிருந்தது. என் காரேதான், அதே மாடல், நிறம் மட்டும் வேறு. பானெட் திறந்திருந்தது. அவன் காருக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, வரப்பில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காரை அவன் வாங்கியதே என்னைக் கேட்டுத்தான். வண்டி எப்படி இருக்கிறது அக்கா என்று ஒரு கல்யாணத்தில் கேட்டான். அதற்குள் என் கார் இரண்டு முறை நின்றிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? தங்கம் என்றேன்.

எங்கள் ஊரில் சேலை மடிப்பதில் ஒரு பழக்கம் உண்டு. நெசவில் சின்னக் குறை விழுந்திருந்தால், அது உள்மடிப்பில் போகும்படி மடித்து அடுக்குவார்கள். விற்கும்போது குறையைச் சொல்லித்தான் விற்பார்கள், ஆனால் அடுக்கில் இருக்கும்வரை அது வெளியே தெரியக் கூடாது. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த கை என்னுடையது. காரையும் நான் உள்மடிப்பில்தான் வைத்திருந்தேன். வழியில் நின்றால் போன் பேச நிறுத்தினேன் என்பேன். தெரிந்தவர்கள் பைக்கில் போனால் சிரித்துக் கையாட்டுவேன். ஆசைப்பட்டு வாங்கிய முதல் காரைச் சொத்தை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் சேலைக்காரர்கள் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். முருகேசன் நேருக்கு நேர் கேட்டும் நான் சொல்லவில்லை.

பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன். என்னைப் பார்த்ததும் முருகேசன் பதறிப்போய் பானெட்டை மூடினான். இந்தப் பக்கம் பயிர் எப்படி இருக்கிறது என்று பார்க்க நிறுத்தினானாம். வண்டி எப்படிப் போகிறது என்றேன்.

"சூப்பரா ஓடிகினு கீதுக்கா."

"என்னுது ஏழு வாட்டி நின்னுச்சு முருகேசா. நீ என்னைக் கேட்டப்பவே ரெண்டு வாட்டி நின்னுருந்துச்சு. நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவும் செய்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு வண்டி எடுத்திருப்பேனே என்று கத்தினான். நெல் வியாபாரிகள் நாலு பேரை உட்காரவைத்துக்கொண்டு போகும்போது நின்று மானம் போனதையும், இதுவரை ஆறு முறை நின்றதையும், அவனுக்கும் கிளட்ச் அறிவுரை எழுதிக் கொடுத்ததையும் சொன்னான். எல்லாம் கொட்டித் தீர்ந்ததும் மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு மட்டும்தான் இப்டினு நெனச்சிகினு இருந்தேங்கா. பேஜாரா பூட்ச்சு. பதினேழு வருசமா ஓட்டறேன், எனக்கே ஓட்டத் தெர்லியோன்னு சந்தேகம் வந்துட்ச்சு" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரில் இன்னொரு காலும் இதே பழியைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

அடுத்த நான்கு நாளில் நாங்கள் இருவரும் விசாரித்து இன்னும் இரண்டு பேரைப் பிடித்தோம். தேவிகாபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் முத்துவேல், சேத்துப்பட்டில் பள்ளி ஆசிரியை கலைமகள். முத்துவேலும் முதலில் வண்டி பிரமாதம் என்றுதான் ஆரம்பித்தார். நான் என் ஏழு முறையைச் சொன்னதும் அவர் தன் எட்டைச் சொன்னார். கலைமகளின் கார் இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் நின்றதாம். அவர் பொய் சொல்கிறார் என்று முருகேசன் அடித்துச் சொன்னான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேலையில் ஒரே இடைவெளி விட்டு ஒரே குறை திரும்பத் திரும்ப விழுந்தால், நெசவுக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவர் கை நூலுக்கு நூல் ஒரே மாதிரி தவறாது. எங்கேயோ ஒரு அட்டையில் ஓட்டை தப்பாக விழுந்திருக்கிறது. அது சுற்றி வரும்போதெல்லாம் குறையும் சுற்றி வரும். அந்த அட்டையைத் தேடி எடுப்பது என் தொழில். கோளாறு எதில் இருக்கிறது என்று காரின் வயிற்றுக்குள் பார்க்க எனக்குத் தெரியாது, ஆனால் எப்போது வருகிறது என்று பார்க்கத் தெரியும்.

டிசைன் போடும் கட்டத் தாளை விரித்தேன். ஆளுக்கு ஒரு பத்தி. கார் நின்ற ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிவப்புக் கட்டம். முதலில் தேதி வைத்துப் போட்டேன், ஒன்றும் சேரவில்லை. மழை, வெயில், ஏசி, ஏற்றம் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். வெயில் காலத்தில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். முருகேசன் அலுத்துப்போய், இதெல்லாம் சேலைக்குச் சரிப்படும் அக்கா என்றான். கடைசியில்தான் கலைமகளிடம் ஒழுங்காகக் கேட்டேன். எல்லாரையும் போலத்தான் ஓட்டுகிறேன், பாதி டேங்க்குக்குக் கீழே மட்டும் விட மாட்டேன், பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம் என்றார். அந்த ஒரு முறை நின்றது, அவர் தம்பி காரை வாங்கிக்கொண்டு போய் வற்ற வற்ற ஓட்டிய அன்று.

பெட்ரோல் அளவை வைத்துப் போட்டேன். எங்கள் காரில் பெட்ரோல் எட்டுக் கட்டமாகத் தெரியும். இருபத்திரண்டு சிவப்பும் கடைசி இரண்டு கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தன. சேலைக் கரை மாதிரி நேர்கோடு. பெட்ரோல் கால் டேங்க்குக்குக் கீழே இருந்து, வண்டி முப்பது நாற்பது நிமிடம் ஓடிச் சூடானால் நிற்கிறது. ஆறினால் கிளம்புகிறது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. வேலூர் என்றால் எங்களுக்குப் பயணம். பயணம் என்றால் டேங்க்கை நிரப்பி, காரைக் கழுவி, பொட்டு வைத்துக் கிளம்புவோம். ஐந்து முறையும் அப்படித்தான் போனோம். மற்ற மூன்று பேரும் அப்படித்தான். குறையை நாங்களே நன்றாக உள்மடிப்பில் தள்ளி, அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஏன் உங்களுக்குத் தெரியவில்லை என்று சண்டை போட்டிருக்கிறோம்.

தாளை என் கணவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்பார் என்று நினைத்தேன்.

"இதுல யாரும் கையெழுத்து போடலியே" என்றார்.

அந்தத் தாளைக் கிழித்து அவர் தலையில் போடலாம் என்று வந்தது. ஆனால் மறுநாள் பஸ் ஏறி மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கி வந்தேன். வந்து பார்த்தால், அவர் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து மனு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பொருள், பார்வை, இணைப்பு ஒன்று முதல் ஒன்பது வரை. என் கட்டத் தாள் இணைப்பு ஒன்று. இரண்டு டீ போட்டு எடுத்துவந்தேன்.

வாரண்டிக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது நான்கு காரும் வேலூருக்குக் கிளம்பின. யாரும் கழுவவில்லை, யாரும் பெட்ரோல் போடவில்லை. கலைமகள் மட்டும் மூன்று நாள் ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டித் தன் டேங்க்கைக் காலி செய்தாராம், உயிரே போய்விட்டது என்றார். என் கணவர் லாக்கரைத் திறந்து சாவியை எடுத்துத் தந்தார். இன்றைக்கு மட்டும் என்றார். கண்ணமங்கலம் தாண்டி முத்துவேலின் கார் நின்றது. நாங்கள் எல்லாரும் ஓரங்கட்டி, அது ஆறும்வரை காத்திருந்து, சேர்ந்தே போனோம். கார் நின்றதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நான்கு அழுக்குக் கார்கள் வரிசையாக நுழைந்ததும் சுதாகர் வெளியே வந்தான். மனுவை வாங்கிக்கொண்டான், படித்தான். வழக்கமான பத்து நிமிட ஓட்டம் ஓட்டிப் பார்க்கலாம் என்றான்.

"பத்து நிமிசம் வேணாம் சுதாகர். முக்கால் மணி நேரம் எங்க கூட வாங்க. நீங்களே ஓட்டுங்க. வண்டி நிக்கலன்னா, நாளைக்கே நான் டிரைவிங் ஸ்கூல்ல போய் மொதல்லேர்ந்து கத்துக்கறேன்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், கணவர் பைலோடு பின்சீட்டில். ஒரு கட்டம் பெட்ரோலும் நல்ல வெயிலும் இருந்தன. பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. நெடுஞ்சாலையில் போய்த் திரும்பி, சர்வீஸ் ரோட்டில் இறங்கினோம். முப்பத்தைந்து நிமிடம். கார் தேர் போல் போனது. சுதாகர் முகத்தில் அந்த மரியாதையான சிரிப்பு வர ஆரம்பித்தது. இருபத்திரண்டு கட்டமும் பொய்யாகி, மறுபடியும் கிளட்சும் நானுமாக ஆரணி திரும்புவதை நினைத்தேன். என் பக்கத்தில், பிரேக்கே இல்லாத இடத்தில் என் வலது கால் அழுத்திக்கொண்டிருந்தது.

நாற்பத்தோராவது நிமிடம் கார் செத்துப்போனது.

சுதாகர் எப்படியோ ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தான். மூன்று முறை சாவியைத் திருப்பினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் எதை முதலில் எடுப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்து என் கணவர்தான் முன்னால் குனிந்தார். ஆபீசில் மேலதிகாரியிடம் பேசும் அதே பணிவான குரல்.

"கிளட்ச்ச ஒழுங்காத்தானே மிதிச்சீங்க சார்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. பதினான்கு வருடத்தில் அவர் எனக்கு வாங்கித் தந்த எதுவும் அந்த ஒரு வரிக்கு ஈடில்லை.

கால் மணி நேரம் கார் ஆறும்வரை சுதாகர் வெளியே நின்று போன் பேசினான். பிறகு வந்து, ஒவ்வொருத்தராக வந்தீர்கள் மேடம், கம்பெனிக்கு எழுதினால் ஒரு வண்டிதானே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், நான்கும் சேர்ந்து இப்படித் தாளோடு வந்தது இதுதான் முதல் தடவை என்றான். கட்டத் தாளைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டான். இதை யார் போட்டது என்று கேட்டான். என் வீட்டுக்காரி என்றார் என் கணவர்.

அதற்குப் பிறகும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. இன்ஜினியர் வருவார் என்றார்கள், வரவில்லை. வாரண்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது வந்தார். டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் சக்கரம், பெட்ரோல் குறைந்து சூடு ஏறினால் உப்பிப் பிடித்துக்கொள்கிறது. நான்கு காருக்கும் புது பம்ப் போட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் வாடிக்கையாளர் நலன் கருதி மாற்றித் தரப்பட்டது என்றுதான் இருந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனால் ஜாப் கார்டில் சுதாகர் தன் கையால் எழுதினான்: 'பம்ப்பில் தயாரிப்புக் குறை. ஓட்டுநர் மீது தவறில்லை.' என் கணவர் கேட்டு சீலும் வைத்து வாங்கினார். எங்கள் கார்களை வாங்கிய மாதங்களில் விற்ற இன்னும் பதினொரு காரை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சுதாகர் அப்புறம் போன் செய்து சொன்னான். முருகேசன் இப்போது யார் கேட்டாலும் முதலில் குறையைச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறான், கேட்காதவர்களுக்கும் சொல்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை லாக்கரில் வைத்தார். சாவியை உள்ளே வைக்கவில்லை. காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், முன்பு மாட்டும் இடத்திலேயே மாட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே சாலையில் சேத்துப்பட்டுக்குப் போனோம். நான் வேண்டுமென்றே பெட்ரோல் போடவில்லை. அவர் அதைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். முதல் நாள் ஆபீசில் ஏதோ ஆய்வு, முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். முப்பது நிமிடம் ஆனது. பெட்ரோல் ஒரு கட்டத்துக்கு இறங்கியது. அந்த வளைவு வந்தது. எதிரில் ஒரு லாரி வந்தது, போனது. கார் திரும்பி, நேராகி, ஓடிக்கொண்டே இருந்தது.

பேச்சு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் வலது கால் சும்மா நீட்டியிருந்தது. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அம்மா, அப்பா தூங்கிட்டாரு" என்றாள் துர்கா, நம்ப முடியாமல்.

"எழுப்பாத" என்றேன். சேத்துப்பட்டு வரும்வரை ஹாரன் அடிக்காமல் ஓட்டினேன்.